வெள்ளையாக வைத்த இரும்பு விடிந்ததும் சிவந்தது: மண்டபம் கரையில் ஒரு வெட் பிளாஸ்டிங் வேலை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் ஓய்ந்து நிற்கும். மண்டபம், பாம்பன், இராமேசுவரம், தொண்டிப் பக்கத்துப் பட்டறைகளில் இறக்கிவைத்த இஞ்சின்களைத் தாண்டி நடக்க வழி இருக்காது. அந்த அவசரத்தில் அரைகுறையாகப் போகும் வேலை, கழற்றிய சாமான்களைச் சுத்தம் செய்வது. இங்கே ஆய்வுக்கு எடுத்திருக்கும் வேலை எந்த ஒரு பட்டறையுடையதும் இல்லை. இந்தக் கரையில் வருஷா வருஷம் மாறி மாறி வரும் வேலைகளை ஒரே சரக்காகச் சேர்த்துப் பார்த்தது. பிழைகளும் அப்படிச் சேர்த்தவைதான்.

வந்த சரக்கு

ஃபைபர் படகில் ஓடிய 9.9 எச்பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் மாட்டும் இஞ்சின்) ஒன்று, முழுக்கப் பிரித்தது. அலுமினிய கிராங்க்கேஸ், வார்ப்பிரும்பு லைனர் (சிலிண்டரின் உட்சுவர்) பதித்த அலுமினிய பிளாக், ஹெட், தெர்மோஸ்டாட் மூடி, கார்ப்பரேட்டர், கியர்கேஸ். கூடவே அதே உரிமையாளரின் விசைப்படகு டீசல் இஞ்சினிலிருந்து கன்மெட்டல் (செம்புக் கலப்பு உலோகம்) கடல்நீர்ப் பம்பு உடல், வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (புகை வெளியேறும் குழாய்), நான்கு இரும்பு பிராக்கெட், ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஒரு வாளி நிறைய போல்ட்.

அலுமினியத்தில் தெர்மோஸ்டாட் ஓரமாகவும் போல்ட் துளைகளைச் சுற்றியும் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெள்ளைப் படிவு. இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் ஜாக்கெட்டுக்குள் விரல் நுழைய வேண்டிய இடத்தில் பென்சில்தான் நுழைந்தது. மேனிஃபோல்டில் துரு செதில் செதிலாக உரிந்தது. பம்பு உடலுக்குள் ஒட்டுச் சிப்பி.

முதல் தடவை நடந்தது

வெட் பிளாஸ்டிங் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. தண்ணீரையும் பொடியையும் கலந்த குழம்பை ஒரு பம்பு கேபினுக்கு, அதாவது சாமானை உள்ளே வைத்து அடிக்கும் மூடிய பெட்டிக்கு, மேலே ஏற்றும். கன்னில் கம்ப்ரெஸர் காற்று அந்தக் குழம்பைச் சாமானின் மேல் வீசும். குழம்பு கீழே வடிந்து மறுபடி பம்புக்கே போகும். பொடிக்கும் உலோகத்துக்கும் நடுவில் தண்ணீர் மெத்தைபோல் நிற்பதால் அடி மெத்தென்று விழுகிறது. தூசி பறக்காது, சூடேறாது. அலுமினியத்தில் கிளாஸ் பீட் எனும் பொடிக் கண்ணாடி உருண்டை கொண்டு அடித்தால் வார்ப்பிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் ஒரு மங்கலான பளபளப்பு வரும். உலர் பிளாஸ்டிங்கில் அந்த முகம் கிடைக்காது.

சாமான்களை டீசலில் கழுவி, துடைத்து, நேராகக் கேபினுக்குள் வைத்தார்கள். குழம்புக்குப் பட்டறை போர் தண்ணீர். துருப்பிடிக்காமலிருக்கக் கடையில் வாங்கிய சோடியம் நைட்ரைட் பொடி ஒரு கைப்பிடி. முதலில் பெரியதாகத் தெரிந்த மேனிஃபோல்ட், பிறகு பிராக்கெட், பம்பு உடல், கடைசியில் அலுமினியம். கார்ப்பரேட்டரும் உள்ளே போனது. சாயங்காலம் எல்லாவற்றையும் அதே போர் தண்ணீரில் அலசி, கடல் பார்த்த வாசலில் தார்ப்பாய் விரித்துக் காயவைத்தார்கள். இருட்டும்போது எல்லாம் வெள்ளி மாதிரி இருந்தது.

விடிந்ததும் மேனிஃபோல்டும் பிராக்கெட்டும் மஞ்சள் தூவியதுபோல் நின்றன. விரலால் தேய்த்தால் வருகிற சாதா மஞ்சள் துரு மட்டுமில்லை. பழைய குழிகளின் வாயில் கடுகளவு கறுஞ்சிவப்புப் புள்ளிகள், நகத்தால் சுரண்டினாலும் போகவில்லை. லைனர் சுவரில் ஒரு பக்கம் பழுப்பு வளையம். மூன்றாம் நாள் அலுமினியத்தின் உள்மூலைகளில் வெள்ளைப் பூ மறுபடி பூத்தது. கிராங்க்கேஸின் தட்டையான முகத்தில், முன்பு இல்லாத இடத்தில், ஊசிக்குத்து மாதிரி கறுப்புப் புள்ளிகள். கார்ப்பரேட்டரைப் பூட்டி மாட்டினால் ஐட்லிங்கில் நிற்கவே இல்லை.

மெஷின் சரியில்லை, பொடி மட்டம் என்ற பேச்சு முதலில் எழும். இரண்டுமே சரியாகத்தான் இருந்தன. நான்கு குறைகளுக்கும் நான்கு தனிக் காரணங்கள். அவற்றில் இரண்டு உப்பில் இருக்கின்றன.

உப்பு எங்கே ஒளிந்திருந்தது

கடல் உப்பு என்றால் சமையல் உப்பு மட்டும் இல்லை. அதில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் தண்ணீர் இழுத்துக் கரையும். மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே இழுக்கும். இந்தக் கரையில் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே உப்புப் படிந்த சாமான் இங்கே உண்மையில் காய்வதே இல்லை. கைக்கு உலர்ந்ததுபோல் தோன்றும், குழிக்குள் ஈரம் நிற்கும்.

துருக்குழியின் அடியில் இந்தக் குளோரைடு இரும்போடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். அலுமினியத்திலும் வெள்ளைப் படிவின் அடியில் அதே கதை. பிளாஸ்டிங் மேல்மூடியை எடுத்துவிடும், ஆழத்தில் இருக்கும் உப்பை முழுக்க எடுக்காது. கிளாஸ் பீட் உருண்டை, அது வெட்டாது, தட்டும். குழியின் ஓரத்தைத் தட்டி மடக்கி, உப்பை உள்ளே வைத்து மூடியதுபோல் ஆக்கிவிடுகிறது. மூன்றாம் நாள் பூத்த வெள்ளை அங்கிருந்துதான் வந்தது.

இதற்கு மேல் போர் தண்ணீர். இந்த மாவட்டத்தின் கரையோர நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்ததும், காவிரிக் கூட்டுக் குடிநீர் இங்கே வரை இழுக்கப்பட்டதும் அதனால்தான். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வரையறுத்து, வேறு வழியில்லாதபோது 2000 வரை விட்டுக்கொடுக்கிறது. அந்த 2000-ம் பிளாஸ்டிங்குக்குத் தாங்காது. குழம்புக்கும் அலசலுக்கும் 100-க்குக் கீழே வைத்துக்கொள்வதே நிம்மதி. ஆர்ஓ கேன் தண்ணீர் பெரும்பாலும் இதற்குள் வரும், ஆனாலும் கேனை நம்பாமல், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்துவிட வேண்டும். மழைநீர் அருமையானது. ஸ்பிளிட் ஏசியின் குழாயில் சொட்டும் தண்ணீரும் கிட்டத்தட்ட உப்பே இல்லாதது. பக்கத்தில் ஏசி ஓடும் கடை இருந்தால் ஒரு வாளி வைத்துவிட்டு வரலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

நைட்ரைட் போட்டும் ஏன் துருப்பிடித்தது? அது இரும்பின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும் பொருள். தண்ணீரில் குளோரைடு கூடக் கூட நைட்ரைட்டும் அதற்கு ஈடாகக் கூட வேண்டும். ஈடு கொடுக்காத அளவில் போட்டால் முக்கால்வாசி இடம் காக்கப்பட்டு, மிச்ச இடத்தில் மொத்த அரிப்பும் குவியும். கடுகளவுக் கறும்புள்ளிகள் இப்படி விழுந்தவை. போடாமலே இருந்திருந்தால் மேலோட்டமான மஞ்சள் துருவோடு போயிருக்கும். உப்புத் தண்ணீரில் அரைகுறை நைட்ரைட் அதைவிட மோசம். சோடியம் நைட்ரைட் பார்வைக்கு உப்புப் போலவே இருக்கும், உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து. டப்பாவில் பெயர் எழுதிப் பூட்டிவைக்க வேண்டிய சரக்கு. அமைன் கலந்த கட்டிங் ஆயிலோடு அதைக் கலக்கவும் கூடாது. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நைட்ரோசமைன்கள் உருவாகும்.

கிராங்க்கேஸின் கறுப்புப் புள்ளிக்குக் காரணம் வரிசை. மேனிஃபோல்டும் கன்மெட்டல் பம்பும் போன அதே குழம்பில் அலுமினியம் கடைசியாகப் போனது. குழம்பில் மிதந்த செம்புத் துகளும் இரும்புத் துகளும் அலுமினியத்தில் பதிந்தன. அலுமினியத்தில் பதிந்த செம்புத் துகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டி பேட்டரி. ஈரம் பட்டவுடன் சுற்றியுள்ள அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும்.

கார்ப்பரேட்டரில் என்ன ஆனது என்று தனியே சொல்லத் தேவையில்லை. ஐட்லிங் துவாரத்தில் ஒரு பீட்.

மறுபடி செய்தது: கேபினுக்கு முன்னால்

இரண்டாம் முறை வேலையில் பாதி கேபினுக்கு வெளியேதான் நடந்தது.

முதலில் ஊறல். அலுமினியச் சாமான்களை ஒரு பிளாஸ்டிக் டிரம்மில், அவை மூழ்கும் அளவு நல்ல தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றி, மூடிவைத்து, 12 மணி நேரம் கழித்து டிடிஎஸ் பார்க்க வேண்டும். உள்ளே விட்ட தண்ணீர் 60 காட்டியது, எடுக்கும்போது 900 காட்டுகிறது என்றால், அந்த வித்தியாசம் முழுக்கச் சாமானிலிருந்து இறங்கிய உப்பும் அழுக்கும். கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். வித்தியாசம் 20, 30-க்குள் வரும்வரை இதையே செய்ய வேண்டும். இரண்டு நாளில் முடிவதும் உண்டு, நான்கு நாள் இழுப்பதும் உண்டு. படகுக்காரர் அவசரப்படுத்துவார். இங்கே விட்டுக்கொடுத்தால் பிறகு செய்வதெல்லாம் வீண். எஞ்சியிருப்பது குளோரைடுதானா என்று சந்தேகம் வந்தால் ஊறல் நீரில் ஒரு துளி சில்வர் நைட்ரேட் கரைசல் விட்டால் போதும், பால்போல் திரிந்தால் குளோரைடு இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் தண்ணீரிலும் ஒரு துளி. கையில் பட்டால் தோல் கறுக்கும், சில நாள் போகாது.

தண்ணீர் ஜாக்கெட்டில் இறுகிய படிவு ஊறலுக்கு மசியாது, கன்னும் அங்கே எட்டாது. 5 சதவீத எலுமிச்சை உப்புக் கரைசலை வெதுவெதுப்பாக ஊற்றி, 20 முதல் 30 நிமிடம், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டு, மரக்குச்சியால் கிளறி எடுத்து, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பாத்ரூம் ஆசிட்டை அலுமினியத்தின் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. காஸ்டிக் சோடாவும் அப்படித்தான். அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

அடுத்தது எண்ணெய்ப் பிசுக்கு. டீசலில் கழுவித் துடைத்தது போதாது, டீசலின் படலமே எண்ணெய்தான். அது குழம்பில் கலந்தால் பீட் கட்டிகட்டும், நுரை தள்ளும், கேபின் கண்ணாடியில் அழுக்கு ஒட்டும், பிறகு போகிற ஒவ்வொரு சாமானிலும் அந்த எண்ணெய் பூசப்படும். மண்ணெண்ணெயில் பிரஷ் போட்ட பிறகு 60 டிகிரி சுடுதண்ணீரில் பிஎச் 8.5-ஐத் தாண்டாத டிகிரீஸர், அதன்பின் அலசல். பிஎச் அதற்கு மேல் போனால் அலுமினியம் கறுக்கும். சாமான் மேல் ஊற்றும் தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் தகடுபோல் பரவி நின்றால் பிசுக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

பிறகு அடைப்பு. தண்ணீரில் டேப் எதுவும் தாங்காது. போல்ட் துளைகளுக்குப் பழைய போல்ட்டையே இரண்டு சுற்றுத் திருகிவிடலாம். பேரிங் உட்காரும் இடங்களுக்கு ரப்பர் அடைப்பான். சிலிண்டருக்கு, மரக்கட்டையைக் கடைந்து அதன் மேல் சைக்கிள் டியூப் சுற்றி இறுக்கமாகச் செருகினால் சொட்டு இறங்காது. டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டின் கிராங்க்கேஸில் அடியில் தேங்கும் எண்ணெயை மேலே திருப்பியனுப்பும் சின்னத் துவாரங்கள் உண்டு. அவை பெரும்பாலும் கண்ணில் படாது. ஒவ்வொன்றையும் கம்பி விட்டுத் தேடிக் கண்டுபிடித்து ரப்பரால் அடைத்தால்தான் உள்ளே பீட் போகாது. போனால் இஞ்சினைப் பிரித்த வேலை மறுபடி பிரிக்கிற வேலையாகும்.

குழம்பும் காற்றும்

40 லிட்டர் குழம்புக்கு 12 கிலோ கிளாஸ் பீட், 100 முதல் 150 மைக்ரான். கணக்கைச் சோதிப்பதற்குச் சுலபமான வழி ஒரு லிட்டர் சோடா பாட்டில். பம்பு ஓடும்போதே கன்னிலிருந்து, காற்றை மூடிவிட்டு, பாட்டிலை நிரப்பி ஜன்னலோரம் வைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் பீட் அடியில் வெள்ளை மணலாகப் படியும், மேலே தண்ணீர் கலங்கலாக நிற்கும். படிந்தது பாட்டில் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் சரி. பத்தில் ஒன்றாக இருந்தால் பொடி தொட்டி மூலையில் படுத்துக்கொண்டது, கிளறும் குழாயைப் பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்றைத் தாண்டினால் குழாய் அடைக்கும். அந்தப் படிவில் ஒரு சிட்டிகை எடுத்துக் கறுப்புத் துணியில் போட்டு 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் உருண்டை எத்தனை, உடைந்த சில்லு எத்தனை என்று தெரியும். மூன்றில் ஒரு பங்கு சில்லாகிவிட்டால் மாற்றிவிட வேண்டும். சில்லு வெட்டும், அலுமினியம் பளபளப்பை விட்டுச் சாம்பல் பூக்கும்.

மேலே கலங்கி நிற்கும் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரையும் முக்கிவிட வேண்டும். குழம்பு சுற்றிச் சுற்றி வருவதால் முதல் சாமானின் உப்பு அடுத்த சாமானுக்குப் போகிறது, தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு செறிகிறது. காலையில் 80 இருந்தது சாயங்காலம் 400 ஆகியிருந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பீட்டை மட்டும் அலசி வைத்துக்கொள்ளலாம்.

காற்றுக் கணக்கில் பெரும்பாலோர் ஏமாறுவார்கள். கன்னுக்குள் காற்று வரும் துவாரம் 3/16 அங்குலம் என்றால் 60 பிஎஸ்ஐ-யில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 கன அடி காற்று குடிக்கும். பட்டறைகளில் உள்ள 5 எச்பி கம்ப்ரெஸர் அவ்வளவு தராது, இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கும். 1/8 அங்குலத் துவாரம் போட்டால் 14 கன அடியோடு நிற்கும். வேலை மெதுவாக நடக்கும், ஆனால் அழுத்தம் ஒரே சீராக இருக்கும், முகமும் ஒரே சீராக வரும். இந்தக் கரையின் காற்றில் உள்ள ஈரம் முழுக்கக் கம்ப்ரெஸர் டாங்கில்தான் இறங்குகிறது, மணிக்கொரு தரம் அடி வால்வைத் திறந்துவிட வேண்டும். ஈரமான மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் தானே விழும் ஆர்சிசிபி சுவிட்ச் இல்லாமல் பம்பைத் தொடவே கூடாது.

வரிசை: அலுமினியம், பிறகு கன்மெட்டல், கடைசியில் இரும்பு. அலுமினியத்துக்கென்று ஒரு குழம்பைத் தனி டிரம்மில் எடுத்துவைத்துக்கொள்ள முடிந்தால் அதைவிட நல்லது. அலுமினியத்துக்கு 40 முதல் 50 பிஎஸ்ஐ, கன்மெட்டலுக்கு 50 முதல் 60. நாசிலைச் சாமானிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, 45 முதல் 60 டிகிரி சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேர்க்குத்தாகப் பிடித்தால் திரும்பி வரும் பொடி போகிற பொடியோடு மோதி வேகம் குறையும். செதில் துரு உள்ள மேனிஃபோல்டில் கிளாஸ் பீட்டை எவ்வளவு அடித்தாலும் துரு மினுங்குமே தவிரப் போகாது. அதற்கு 120 கிரிட் அலுமினியம் ஆக்சைடு, 60 முதல் 80 பிஎஸ்ஐ, தனித் தொட்டியில்.

அலசி உலர்த்திய விதம்

கேபினிலிருந்து எடுத்த சாமான் நின்ற இடத்திலேயே அலசலுக்குப் போக வேண்டும். பீட் காய்ந்து ஒட்டிக்கொண்டால் சிமெண்ட் மாதிரி. அடைப்புகளை எடுத்து, துவாரம் ஒவ்வொன்றிலும் துப்பாக்கி துடைக்கிற மாதிரி நைலான் பிரஷ் விட்டு, நல்ல தண்ணீர் பாய்ச்சி, காற்று ஊதி, மறுபடியும் தண்ணீர். கடைசியாக வடியும் தண்ணீரைக் கறுப்புத் தட்டில் பிடித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் ஒரே ஒரு பீட் இருந்தாலும் நட்சத்திரம்போல் மின்னும். மின்னும்வரை அலசல் முடியவில்லை.

இறுதி அலசல் 70 முதல் 80 டிகிரிச் சுடுநீரில், 100-க்குக் கீழ் டிடிஎஸ். சாமான் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு, எடுத்த ஓரிரு நிமிடத்தில் தானே உலரும். இரும்புக்கு மட்டும் அந்தத் தண்ணீரில் 0.5 சதவீதம் சோடியம் நைட்ரைட். உப்பில்லாத தண்ணீர் என்பதால் இப்போது அது தன் வேலையைச் செய்கிறது. பிறகு 100 டிகிரி அவனில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம். வாசலில் தார்ப்பாயில் காயவைக்கிற பழக்கம் இங்கே கூடாது. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் பக்கத்துப் பட்டறையில் காற்றே உப்பு. அரை நாளில் சாமான் மேல் நாக்கால் தொட்டால் தெரியும் அளவுக்குப் படியும்.

லைனர் சுவரில் உலர்ந்த உடனே எண்ணெய். பூட்டாமல் வைக்கிற இரும்புக்கு எண்ணெய் தடவி விசிஐ எனும் துருத்தடுப்புத் தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்கலாம். பெயிண்ட் அடிக்கப் போகிற பிராக்கெட்டுக்கு எண்ணெய் தடவக் கூடாது, அன்றே எபாக்சி பிரைமர். வெட் பிளாஸ்டிங் செய்த அலுமினியம் அழகாக இருக்கிறதே என்று அவுட்போர்டின் வெளிப்பக்கத்தை வெறுமனே விட்டுவிடச் சிலர் ஆசைப்படுவார்கள். மதுரையில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு அது சரி. கடலில் ஒரு பருவம் தாங்காது.

கேபினுக்குள் போகக் கூடாதவை

கார்ப்பரேட்டரும் ஜெட்டுகளும் அல்ட்ராசோனிக் தொட்டிக்குரியவை. 40 கிலோஹெர்ட்ஸ், 50 முதல் 60 டிகிரி, நடுநிலை டிடர்ஜெண்ட், 10 நிமிடம் வெறுமனே ஓடவிட்டுத் தண்ணீரில் உள்ள காற்றை வெளியேற்றிய பிறகு சாமான். கூடையில் தொங்க வேண்டும், தொட்டி அடியைத் தொட்டால் தொட்டி தேயும், வேலையும் நடக்காது. தொட்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சமையலறை அலுமினியத் தாள் ஒரு துண்டைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் ஓட்டலாம், தாள் முழுக்க ஒரே மாதிரி பொத்தல் விழ வேண்டும். பெட்ரோலையோ தின்னரையோ அந்தத் தொட்டியில் ஊற்றிச் சூடேற்றுவது தீ வைத்துக்கொள்வதற்குச் சமம். ரப்பர், ஃப்ளோட், கேஸ்கெட் எல்லாம் முன்பே கழற்றியிருக்க வேண்டும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய்க் கட்டுக்குள் பிளாஸ்டிங் வேண்டவே வேண்டாம், குழாய்ச் சுவர் மெல்லியது. துத்தநாக அனோடைக் கழற்றிவிட்டு, 5 சதவீத எலுமிச்சை உப்பை 50 டிகிரியில் ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் சின்னப் பம்பால் சுற்றவிட்டு, சோடா மாவு கரைத்த தண்ணீரால் அமிலத்தை முறித்து, அலச வேண்டும். அம்மோனியா கலந்த கிளீனர் பித்தளையில் விரிசல் உண்டாக்கும். கடைசியில் இரண்டு முனையையும் அடைத்து, ஒரு கிலோ அழுத்தத்துக்குக் காற்று ஏற்றி, தொட்டித் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்க்காமல் மாட்டக் கூடாது.

பிராக்கெட் மாதிரி சாதா இரும்புக்கு மின்பகுப்பு மலிவான வழி. லிட்டருக்கு 20 கிராம் சலவை சோடா, 12 வோல்ட் சார்ஜர், சாமானுக்கு நெகடிவ், பலிகொடுக்கும் இரும்புத் தகட்டுக்குப் பாசிட்டிவ். எவர்சில்வர் தகட்டைப் பாசிட்டிவாக வைத்தால் ஆறு இணைதிறன் குரோமியம் என்ற நஞ்சு தண்ணீரில் சேரும். ஹைட்ரஜன் வரும், ஆகவே திறந்த வெளி. அவசரமில்லாதவர்களுக்கு மாட்டுத் தீவனக் கடையில் கிடைக்கும் மொலாசஸ் இருக்கிறது. ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், ஒரு வாரம் முதல் இரண்டு வாரம். துருவைத் தின்னும், நல்ல இரும்பை அதிகம் தொடாது. அலுமினியமும் துத்தநாகமும் அதில் கரையும். கருப்பட்டி காய்ச்சும் ஊரில் அந்த வாசனை பழக்கம்தான், ஈ மொய்ப்பதற்கு மட்டும் ஒரு மூடி வேண்டும். ஸ்பிரிங்கையும் உயர்வலு போல்ட்டையும் அமிலத்திலும் மின்பகுப்பிலும் போடக் கூடாது. ஹைட்ரஜன் புகுந்து, இறுக்கிய சில நாளில் சத்தமில்லாமல் முறியும். வாளியில் இருந்த போல்ட்டில் பாதிக்கு மேல் மாற்ற வேண்டியவையே.

லேசர் இப்போது பேச்சில் அதிகம் அடிபடுகிறது. தண்ணீர் இல்லாமல் துருவை எடுப்பதால் அலசின மறுநிமிடம் சிவக்கும் தொல்லை இல்லை, இந்தக் கரைக்கு அது பெரிய வசதி. ஆனால் ஒளி நேராகப் படும் இடத்தில்தான் வேலை நடக்கும், துவாரத்துக்குள் நடக்காது. 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. பளபளக்கும் அலுமினியத்தில் பட்டுத் திரும்பினால் பக்கத்தில் நிற்பவர் கண் போகும், உரிய கண்ணாடி எல்லோருக்கும் வேண்டும். டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடை வீசி அடிப்பது, இன்னொன்று. பெயிண்ட், கிரீஸுக்கு நன்றாக இருக்கும், துருவுக்கு உதவாது. மைனஸ் 78.5 டிகிரியில் அடிபட்ட சாமான் இந்த ஊர்க் காற்றில் ஐஸ்வாட்டர் சொம்பு மாதிரி வேர்த்துக் கொட்டும். அந்த வேர்வையில் உப்பும் சேர்ந்தால் போன தடவைக் கதை.

மணலும் சேறும்

பீட் விலைக்குப் பயந்து கடற்கரை மணலைச் சலித்துப் போடலாமே என்ற யோசனை எல்லா ஊரிலும் யாராவது ஒருவருக்கு வரும். அதில் உப்பும் சிப்பித் தூளும் இருப்பது ஒரு பக்கம். மணலில் உள்ள படிகச் சிலிக்கா உடைந்து நுரையீரலுக்குள் போனால் சிலிக்கோசிஸ், அதற்கு மருந்து இல்லை. பிரிட்டன் 1949-இல் விதி போட்டு இதை நிறுத்தியது. இந்தியாவின் 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சிலிக்கோசிஸ் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருந்தது. தண்ணீரோடு அடித்தால் தூசி இல்லையே என்பார்கள். அடித்த மணல் தரையில் காய்ந்தபின் பெருக்குகிறவர் மூச்சில்தான் போகும். கிளாஸ் பீட் படிகமற்ற கண்ணாடி, அந்த ஆபத்து அதில் இல்லை. ஆனாலும் உடைந்த சில்லு காய்ந்து பறந்தால் கண்ணும் மூக்கும் எரியும், ஈரமாக இருக்கும்போதே வாரிவிட வேண்டும்.

படகின் அடிப்பாகத்திலிருந்து வரும் சாமான்களில் செம்பு ஆக்சைடு கலந்த பாசித் தடுப்புப் பெயிண்ட் இருக்கும். கடல் உயிரைக் கொல்லவே போட்ட நஞ்சு அது. அந்தக் குழம்பை ஓடையிலோ கரையிலோ கொட்டினால் போய்ச் சேருமிடம் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுப் பவளப்பாறைக் கடல். 200 லிட்டர் டிரம்மில் ஊற்றி, 100 கிராம் படிகாரத்தைக் கரைத்துவிட்டு ஓர் இரவு வைத்தால் சேறு அடியில் இறங்கும். மேல் தண்ணீரைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி அடுத்த நாள் இரும்புச் சாமான்களின் முதல் கழுவலுக்கு வைத்துக்கொள்ளலாம், அலசலுக்கு ஆகாது, படிகாரமும் உப்புதான். சேற்றைச் சாக்கில் கட்டி, என்ன சேறு என்பதையும் தேதியையும் எழுதி, அபாயக் கழிவு எடுப்பவரிடம் சேர்க்கும்வரை கூரைக்கடியில். ஒரு தடைக்காலத்துக்கு இரண்டு சாக்கு சேரும்.